பக்கவாதம் ஆண்களுக்குத்தான் அதிகம் வருமா? பெண்களுக்குக் காரணங்கள் வேறா?

அப்பாவுக்கு 58 வயதில் பக்கவாதம் வந்து இப்போது தேறி வருகிறார், அம்மாவுக்கு 56, பிரஷர் 'கொஞ்சம்தான்', பெண்களுக்கு இதெல்லாம் அவ்வளவாக வராது என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள், அது உண்மையா, அப்பாவின் ஆஸ்பிரினை அம்மாவும் முன்னெச்சரிக்கையாகப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆஸ்பிரின் பேச்சைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்.

நான் டாக்டர் இல்லை. சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பிரஷர், சர்க்கரை என்று வருகிறவர்களோடுதான் பெரும்பாலும் பொழுது போனது.

உங்கள் சொந்தக்காரர்கள் சொல்வதில் பாதி உண்மை. நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் பக்கவாதம் வந்து விழுகிறவர்களில் ஆண்கள்தான் அதிகம். ஆனால் பெண்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள், வயது ஏற ஏற அந்த வித்தியாசம் கரைந்துபோகிறது. அமெரிக்காவில் ஃப்ரேமிங்காம் என்ற ஊரில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் ஆய்வில், 55 வயதைத் தொட்ட பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு மீதி வாழ்நாளில் எப்போதாவது பக்கவாதம் வரும் என்று கணக்கிட்டார்கள், ஆண்களில் ஆறில் ஒருவருக்கு. அம்மா இப்போதுதான் அந்த வயதைத் தாண்டியிருக்கிறார்.

அடிப்படைக் காரணங்கள் இரு பாலாருக்கும் ஒன்றுதான். 32 நாடுகளில் நடந்து 2016இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றில், உலகம் முழுக்க வரும் பக்கவாதத்தில் சுமார் 90 சதவீதத்துக்குப் பத்தே காரணங்கள் பொறுப்பு என்று வந்தது. முதல் இடம் பிரஷருக்கு. இங்கே பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் பிரஷர் இருக்கிறது, ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியம் போதும் என்றால் நாம் சாப்பிடுவது சராசரியாக 3,600 பக்கம். உப்பு என்றதும் உணவங்காடி நூடுல்ஸ் சூப்பைத் திட்டுகிற நம்மவர்கள், வீட்டு ஊறுகாயையும் அப்பளத்தையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை!

ஆண்கள் விஷயத்தை நீட்டி எழுத ஒன்றுமில்லை, எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து. சிகரெட், பீர், தொப்பை, பக்கத்து அறைக்குக் கேட்கும் குறட்டை (நடுவில் மூச்சு நின்று நின்று வந்தால் அது வெறும் குறட்டை இல்லை, பரிசோதிக்க வேண்டிய நோய்), அப்புறம் முப்பத்தைந்திலேயே ஏறிவிட்ட பிரஷரை ஐம்பது வரை அளந்தே பார்க்காதது. கோப்பிக் கடையில் உட்கார்ந்துகொண்டு "எனக்குத் தலையே சுத்தலையே, எதுக்கு மாத்திரை" என்று கேட்கும் அங்கிள்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவள் நான். பிரஷர் உள்ள பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது.

பெண்கள் பக்கம்தான் யாரும் கேட்காத கேள்விகள் இருக்கின்றன. மருந்தகத்தில் அடிக்கடி பார்க்கிற காட்சி: கணவர் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பார். அவருடைய மாத்திரை டப்பா, அடுத்த சந்திப்புத் தேதி, போன முறை எடுத்த சர்க்கரை அளவு எல்லாம் மனைவியின் பையிலும் வாயிலும் இருக்கும். "உங்க பிரஷர் எவ்வளவு ஆன்ட்டி?" என்று கேட்டால் "எனக்கென்ன, ஓடியாடிக்கிட்டுத்தானே இருக்கேன்" என்பார். அப்படி ஒரு அம்மாவிடம் "பிள்ளைத்தாச்சியா இருந்தப்ப பிரஷர் ஏறிச்சா?" என்று கேட்டேன். "ஆமா, ரெண்டாவதுக்கு. காலெல்லாம் வீங்கி, கண்ணு மங்கி, ஒரு மாசம் முன்னாடியே கீறி எடுத்துட்டாங்க. அதுதான் பிள்ளை பொறந்ததும் சரியாப் போச்சே." அன்று அளந்தபோது அவருக்குப் பிரஷர் 168க்கு 96, நன்றாகவே ஏறியிருந்தது.

அவருக்கு அந்தப் பிரசவத்தில் வந்ததன் பெயர் ப்ரீஎக்ளாம்ப்சியா. பிள்ளை பிறந்ததும் பிரஷர் பெரும்பாலும் இறங்கிவிடும், ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பிற்காலத்தில் பக்கவாதம் வரும் ஆபத்து மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்கு, பின்னாளில் நிரந்தரமாகவே சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம். இருபத்தைந்து வருடம் கழித்து ஒரு பொது மருத்துவரிடம் போகும்போது இதை அவராகக் கேட்பார் என்று நம்ப வேண்டாம், நாமாகச் சொல்ல வேண்டும். பெண்களுக்கென்றே தனியாகப் பக்கவாதத் தடுப்பு வழிகாட்டியை அமெரிக்க இதயச் சங்கம் முதன்முதலில் வெளியிட்டதே 2014இல்தான். அவ்வளவு தாமதம்.

இளம்பெண்களுக்கு வேறொரு கூட்டணி இருக்கிறது. கண்ணில் மின்னல் வெட்டுகிற மாதிரி, வளைந்து வளைந்து கோடு தெரிந்து அதன் பிறகு வரும் ஒற்றைத் தலைவலி, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை, சிகரெட். தனித்தனியாகவே ஆபத்தைக் கூட்டுபவை, மூன்றும் சேர்ந்தால் பலமடங்கு. அந்த வகைத் தலைவலி உள்ளவர்களுக்கு வேறு கருத்தடை முறையை டாக்டர் தருவார், ஆனால் தலைவலி இருப்பதை அவரிடம் சொன்னால்தானே! உங்களுக்குத் தங்கை இருந்தால் சொல்லி வையுங்கள்.

மாதவிடாய் நின்ற பிறகு கதை மாறுகிறது. அதுவரை ஆண்களைவிடக் குறைவாக இருந்த பிரஷர் மளமளவென்று ஏறும், அறுபதுகளின் நடுவில் ஆண்களையும் தாண்டிவிடும். அம்மாவின் 'கொஞ்சம்தான்' இந்த நேரத்தில் வந்திருப்பதால்தான் எனக்கு அது கொஞ்சமாகத் தெரியவில்லை. சர்க்கரையும் பெண்களிடம் கூடுதல் கடுமை காட்டுகிறது: சர்க்கரை உள்ள ஆணுக்கு, அது இல்லாத ஆணைவிடப் பக்கவாத ஆபத்து சுமார் 1.8 மடங்கு, பெண்ணுக்கு அதே ஒப்பீட்டில் சுமார் 2.3 மடங்கு என்று 2014இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொன்னார்கள். சிங்கப்பூரில் சீனர்களைவிட இந்தியர்களிடம் சர்க்கரை அதிகம் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். நாடித்துடிப்பு தாறுமாறாக ஓடும் கோளாறு ஒன்று உண்டு, அதற்குப் பெயர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், இதயத்தில் ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போக அது வழி செய்யும். அது வந்தால் வயதான பெண்களுக்கு ஆண்களைவிடப் பக்கவாத ஆபத்து கூடுதல். வீட்டில் பிரஷர் பார்க்கும் மெஷின்கள் பலவற்றில் சீரற்ற துடிப்புக்கு ஒரு இதயக் குறி எரியும், அது திரும்பத் திரும்ப வந்தால் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு வகைப் பக்கவாதம், ரத்தக் கட்டி அடைப்பதால் இல்லாமல், மூளை ரத்தக் குழாய் புடைத்து வெடிப்பதால் வருவது. இது பெண்களுக்குத்தான் அதிகம், ஆனால் சிங்கப்பூரில் எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது ஓர் ஆணுக்கு வந்தது: 2016 மே மாதம் அமைச்சரவைக் கூட்டத்தின் நடுவில் அப்போதைய நிதியமைச்சர் ஹெங் சுவீ கியட் மயங்கி விழுந்தது. அங்கேயே டாக்டர்களாக இருந்த அமைச்சர்கள் இருந்தார்கள். நம் வீட்டில் அந்த வசதி இல்லை, ஆம்புலன்சுக்கு 995தான். வாய் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் விழுவது, பேச்சு குழறுவது, இவை இருவருக்கும் பொது. பெண்களுக்குச் சில சமயம் திடீர்க் குழப்பம், அசதி என்றும் வரும், "தூக்கம் பத்தல" என்று படுத்துவிடுவார்கள். அடைப்பால் வந்த பக்கவாதத்தில், ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், படுத்து எழுந்து பார்க்க நேரம் கிடையாது.

சரி, ஆஸ்பிரின். இதிலும் ஆண் பெண் வித்தியாசம் உண்டு. கிட்டத்தட்ட 40,000 பெண்களைப் பத்து வருடம் கவனித்து 2005இல் வந்த ஆய்வில், ஒருநாள் விட்டு ஒருநாள் 100 மில்லிகிராம் போட்டவர்களுக்குப் பக்கவாதம் 17 சதவீதம் குறைந்தது, மாரடைப்பு ஒட்டுமொத்தமாகக் குறையவில்லை. ஆண்களிடம் அதற்கு முன் பார்த்தபோது நேர்மாறு: மாரடைப்பு குறைந்தது, பக்கவாதம் குறையவில்லை. இதைப் படித்துவிட்டு அம்மாவுக்கு மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். வயிற்றிலும் மூளையிலும் ரத்தம் கசியும் ஆபத்து இருப்பதால், ஒருமுறையும் பக்கவாதமோ மாரடைப்போ வராதவர்களுக்கு இப்போது டாக்டர்கள் அதை வழக்கமாகத் தருவதில்லை. பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் கூடும். அப்பாவுக்குக் கொடுப்பது ஒருமுறை வந்தது திரும்ப வராமல் இருக்க, அது வேறு கணக்கு.

அம்மாவுக்கு ஒரு வாரம் காலையிலும் இரவிலும் பிரஷர் அளந்து தாளில் எழுதுங்கள். 40 வயது தாண்டிவிட்டதால், ஒரே டாக்டரிடம் தொடர்ந்து பார்த்துக்கொள்ள அரசாங்கம் நடத்தும் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் ஒரு மருந்தகத்தில் பதிந்துகொள்ளலாம், ஏற்கெனவே பதிந்திருந்தால் அந்த டாக்டரிடமே போகலாம். அந்தத் தாளோடு, உங்களையும் உங்கள் கூடப் பிறந்தவர்களையும் சுமந்தபோது பிரஷரோ சர்க்கரையோ ஏறியதா, மாதவிடாய் எந்த வயதில் நின்றது என்பதையும் அம்மாவிடம் கேட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.