முந்தானையில் பனை வரைந்த பெண்ணை எங்கே சேர்ப்பது?

ராமநாதபுரம் பக்கமிருந்து போன வாரம் ஒரு குடும்பம் வந்திருந்தது. மகள் பிளஸ் டூ. பெரியப்பா மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாராம். "படம் வரைஞ்சு பிழைக்க முடியுமா சார்?" என்று அம்மா கண்கலங்கினார்.

அந்தப் பெண் ஒரு வெள்ளைச் சேலையை விரித்தாள். கரை நெடுக உப்பளப் பாத்திகள். முந்தானையில் பனங்காடு, அதற்குள் பாட்டி சொன்ன முனிக்கதை. கொசுவம் வரும் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். "மடிப்புக்குள்ள போயிடும், அங்க வரைஞ்சா யாருக்குத் தெரியும்?" என்றாள். உடுத்தும்போது கதை எங்கே விழும் என்று யாரும் சொல்லித்தராமலே யோசித்திருக்கிறாள்.

அம்மா, இனி ஆறுதல் சொல்வதாக இல்லை. அந்த சீட்டுக்காக நிலத்தை அடகு வைக்காதீர்கள். விருப்பமில்லாத படிப்புக்குக் கடன் வாங்கினால், அரியர் அவளுக்கு, வட்டி உங்களுக்கு. பெரியப்பா தவணை கட்டப் போவதில்லை. லட்சக்கணக்கில் கேட்கும் தனியார் ஃபேஷன் டிப்ளமோவுக்கும் இதே பதில்தான்.

மத்திய அரசின் ஃபேஷன் கல்வி நிறுவனமான நிஃப்ட் பற்றி எல்லோரும் சொல்வார்கள், அதை விடுகிறேன். சென்னை எழும்பூர் பக்கம் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. 1850இல் தொடங்கியது. அங்கே பி.எஃப்.ஏ. என்ற நான்கு வருட நுண்கலைப் பட்டப்படிப்பில் ஜவுளி வடிவமைப்பும் ஒரு பிரிவு. அரசுக் கல்லூரிக் கட்டணம்தான். ஓவியம், சிற்பம் படிப்பவர்களோடு ஒரே வளாகத்தில் வளர்வாள். இவளைப் போன்ற பிள்ளைக்கு அதுவே பெரிய படிப்பு.

சேருவதற்கு முன்பே அவள் இரண்டு கைவேலைகளைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ஒன்று, 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கருப்பூர் கலம்காரி, அதாவது துணியில் கையால் வரையும் ஓவியம். கலம்காரிக்குத் துணியைக் கடுக்காயிலும் பாலிலும் ஊறவைப்பார்கள். இரும்பும் வெல்லமும் புளிக்கவைத்த நீரை கலம் என்கிற மூங்கில் பேனாவால் தொட்டு வரைவார்கள். கடுக்காயின் துவர்ப்பு பட்டதும் அந்தக் கோடு கறுத்துவிடும். பால் அதைப் பரவவிடாது. இன்னொன்று நீலகிரியில் தோடர் பெண்களின் பூத்தையல். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக, மாதிரி எதுவும் வரையாமல் இழை எண்ணியே தைப்பார்கள். அவர்கள் மலையும் எருமைக் கொம்பும் அப்படித்தான் போர்வையில் ஏறுகின்றன.

சேர்க்கைக்கு வரைதல் தேர்வு உண்டு. அதனால் இன்றிலிருந்தே தினமும் ஒரு மணி நேரம், போட்டோவைப் பார்க்காமல், உப்பளத்துக்கே போய் உட்கார்ந்து வரையட்டும்.