கையெழுத்தான பிறகும் ஒப்புதல் எதற்கு?

கேள்வி: நிர்வாகமும் சங்கமும் பேசி முடித்து, ஊழியர்களும் வாக்களித்து ஏற்ற கூட்டு ஒப்பந்தத்தை ஓர் அரசு அமைப்பு மறுபடியும் ஆராய வேண்டுமா?

பதில்: ஓரளவுக்கு வேண்டும், ஆனால் அதற்கு எல்லை உண்டு. நடைமுறைப் பிழை இருந்தாலோ, சட்டம் வகுத்த குறைந்தபட்சத் தரத்துக்குக் கீழே ஒப்பந்தம் இறங்கினாலோ ஒழிய ஒப்புதலை மறுக்கக் கூடாது என்பதே, தன்விருப்பப் பேச்சுவார்த்தையை வலியுறுத்தும் 1949-ஆம் ஆண்டு உடன்படிக்கையை (எண் 98) முன்வைத்துச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கண்காணிப்புக் குழுக்கள் கொண்டுள்ள நிலைப்பாடு.

ஆஸ்திரேலியாவில், 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஊழியர்கள் உண்மையாகவே சம்மதித்தார்களா, அத்துறைக்குரிய அடிப்படை ஊதிய ஆணையோடு ஒப்பிடுகையில் மொத்தத்தில் மேலான நிலையில் இருப்பார்களா என்று பணி ஆணையம் (Fair Work Commission) என்னும் அரசு அமைப்பு பார்த்த பிறகே ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும். எடுத்துக்காட்டாக, ஓர் ஒப்பந்தம் அடிப்படைச் சம்பளத்தைச் சற்று உயர்த்தி, ஞாயிற்றுக்கிழமை வேலைக்கான கூடுதல் தொகையை எடுத்துவிட்டால், வார இறுதியில் மட்டும் வேலைக்கு வருபவரின் கையில் சேரும் பணம் குறையலாம். பெரும்பான்மை வாக்கில் அவர் குரல் எடுபடாது. என் பார்வையில் ஒப்புதல் முறையின் உயிரே இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. குறை தெரிந்தவுடன் தள்ளுபடி செய்துவிடுவதும் இல்லை. நிர்வாகம் எழுத்துமூலம் உறுதிமொழி அளித்துச் சரிசெய்ய வழியுண்டு.