மேல்முறையீட்டு நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பிலிருந்து விலகலாமா?

1966 நடைமுறை அறிக்கையைக் காட்டி, இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பிலிருந்து விலகலாம் என்று எழுதியதற்கு ஏன் மதிப்பெண் போனது என்று கேட்டிருக்கிறீர்கள். தேவைப்பட்டால் தன் பழைய தீர்ப்பிலிருந்து விலகலாம் என்று சொல்லும் அந்த அறிக்கை, அப்போது நாட்டின் உச்சபட்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபைக்கு மட்டும்தான். 2009-இல் அதன் இடத்துக்கு வந்த உச்ச நீதிமன்றத்துக்கும் அந்த அதிகாரம் உண்டு. அதற்குக் கீழே கிடையாது.

நீங்கள் காட்டியிருக்க வேண்டியது 1944-இல் வந்த யங் எதிர் பிரிஸ்டல் ஏரோபிளேன் வழக்கை. மேல்முறையீட்டு நீதிமன்றம் தன் தீர்ப்புகளுக்குத் தானே கட்டுப்பட்டது, விலக்கு மூன்றுதான். தன்னுடைய இரண்டு தீர்ப்புகள் மோதினால் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். பின்னால் வந்த பிரபுக்கள் சபைத் தீர்ப்போடு ஒத்துப்போகாவிட்டால் தன் பழையதைக் கைவிட வேண்டும். பொருந்தும் சட்டப் பிரிவையோ கட்டுப்படுத்தும் தீர்ப்பையோ கவனிக்காமல் சொன்ன தீர்ப்பைப் பின்பற்ற வேண்டியதில்லை. இந்தக் கடைசி விலக்கைத்தான் பலரும் இஷ்டத்துக்கு நீட்டுகிறார்கள். தீர்ப்பு தவறாகப் படுகிறது என்பது மட்டும் போதாது.

அப்புறம், டேவிஸ் எதிர் ஜான்சன் வழக்கை அவசியம் படியுங்கள். மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதியான டென்னிங் பிரபு இந்தக் கட்டை அவிழ்க்கப் பார்த்தார். 1978-இல் பிரபுக்கள் சபை அவர் அளித்த முடிவை ஏற்றது, ஆனால் அவர் போன வழியைத் திட்டவட்டமாக மறுத்தது. உங்கள் கேள்விக்கு இதைவிட நேரடியான விடை கிடைக்காது.

மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் குற்றவியல் பிரிவில் மட்டும், ஒருவரின் சுதந்திரம் சம்பந்தப்பட்டிருந்தால், கொஞ்சம் தளர்வு உண்டு.