கேமராவைக் கடைசியில் பாருங்கள்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த பெங்களூர்க் கடிதங்களில் பாதிக்கு மேல் கேமராவும் ஆபீஸ் போனும்தான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: வணக்கம் சார். மர்ஃபி டவுனில் எங்கள் சொந்த வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார், வயது எண்பது. நான் இருப்பது ஒயிட்ஃபீல்டில். ஆன்லைனில் இரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு வைஃபை கேமரா பார்த்தேன், ‘கிளவுட் இலவசம்’ என்று போட்டிருக்கிறான். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் அந்த ‘இலவசம்’ எத்தனை நாளைக்கு என்று பொடி எழுத்தில் இருக்கும், அதைப் படித்துவிட்டு வாங்குங்கள். பல கேமராக்களில் ஆரம்பத்தில் கொஞ்ச காலம்தான் இலவசம், அப்புறம் மாதச் சந்தா. கட்டாவிட்டால் நேரலை மட்டும் தெரியும். நேற்று மத்தியானம் கதவைத் தட்டியது யார் என்று திருப்பிப் பார்க்க முடியாது. அதனால் மைக்ரோ எஸ்.டி. கார்டு போடும் வசதி உள்ளதாக எடுங்கள். கார்டிலும் போனுக்குப் போடும் சாதாரணக் கார்டு வேண்டாம். கேமரா இரவும் பகலும் எழுதி அழித்து எழுதிக்கொண்டே இருக்கும், சாதாரணக் கார்டு அதைத் தாங்காது. ‘ஹை எண்டூரன்ஸ்’ என்று அட்டையிலேயே போட்டிருக்கும், அதைக் கேளுங்கள்.

மழைக்குக் கரண்ட் போனால் கேமராவும் போகும், ரூட்டரும் போகும். பெஸ்காமைத் திட்டிப் பயனில்லை. ரூட்டருக்கென்றே சின்ன யு.பி.எஸ். விற்கிறார்கள். ரூட்டர் அடாப்டரின் முதுகில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கும், அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கேமராவுக்கும் இன்வெர்ட்டர் லைனோ யு.பி.எஸ்ஸோ வேண்டும், இல்லாவிட்டால் ரூட்டர் மட்டும் விழித்திருக்கும். பொருத்தும்போது கேமரா வைஃபையில் சேரவே மாட்டேன் என்கிறதா? விலை குறைந்த கேமராக்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும்தான் பிடிக்கும். உங்கள் போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று காணாமல் போகலாம். கேமராவைத் திருப்பி அனுப்பும் முன் இதை ஒரு தடவை பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அம்மாவிடம் கேட்டீர்களா? 2025ல் கொல்கத்தா உயர் நீதிமன்றம், ஒரே வீட்டில் குடியிருக்கும் இன்னொருவரின் சம்மதம் இல்லாமல் வசிக்கும் பகுதிக்குள் கேமரா வைப்பது அவருடைய அந்தரங்க உரிமையை மீறுவது என்று தீர்ப்புச் சொன்னது. அதில் தலையிட உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. அது அண்ணன் தம்பி தகராறு, உங்கள் கதை வேறு. இருந்தாலும் வாசல் கதவைப் பார்த்து ஒன்று வைத்தால் போதும் என்பது என் அபிப்பிராயம். படுக்கையறையில் வைக்காதீர்கள். கேமரா வழியாகப் பேசும் வசதியையும் அடிக்கடி பயன்படுத்த வேண்டாம். அலமாரி மேலிருந்து திடீரென்று மகளின் குரல் வந்தால் எண்பது வயதில் யாருக்கும் தூக்கிவாரிப் போடும். போன் பண்ணிப் பேசுங்கள்.

கேள்வி: ஸ்ரீராம்புரத்தில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். பழைய டி.வி.ஆர். (கேமராப் படங்களைப் பதியும் பெட்டி) போய்விட்டது. எஸ்.பி. ரோட்டில் விசாரித்தால் ஒரு கடையில் எட்டு மெகாபிக்சல் நாலு கேமரா, என்.வி.ஆர். (நெட் கேபிளில் வேலை செய்யும் பதிவுப் பெட்டி), வயர், ஃபிட்டிங் எல்லாம் சேர்த்து ஒரு ரேட் சொல்கிறார்கள். பக்கத்துக் கடையில் அதில் முக்கால் பங்குதான். எதை நம்புவது?

பதில்: இரண்டு கொட்டேஷனிலும் ‘வயர்’ என்ற வரியைத் தேடுங்கள். ரேட் வித்தியாசத்தின் பெரும்பங்கு அங்கேதான் ஒளிந்திருக்கும். நெட் கேபிள் வழியாகப் படம் அனுப்பும் ஐ.பி. கேமராவுக்குக் கரண்ட் தனியாகப் போக வேண்டியதில்லை, நெட் கேபிளிலேயே போகும். இதைப் பி.ஓ.இ. என்பார்கள். ஒரே வயரில் படமும் மின்சாரமும் போவதால் வயர் சுத்தத் தாமிரமாக இருக்க வேண்டும். சந்தையில் அலுமினியக் கம்பிக்கு மேலே தாமிரம் பூசிய சரக்கும் அதே நீல நிறத்தில், அதே டப்பாவில் கிடைக்கிறது. ஒரு சாண் வெட்டிக் கேளுங்கள். உள்ளிருக்கும் எட்டுக் கம்பியில் ஒன்றை எடுத்துப் பிளேடால் சுரண்டுங்கள். சிவப்பு போய் வெள்ளை தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பகலில் ஒழுங்காக ஓடிய கேமரா, ராத்திரி அகச்சிவப்பு விளக்கு எரிந்து கூடுதல் கரண்ட் இழுக்கும்போது அணைந்து அணைந்து எரிகிறதென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த வயரைத்தான். நல்ல வயராக இருந்தாலும், நெட் கேபிள்கள் வந்து சேரும் ‘சுவிட்ச்’ பெட்டியிலிருந்து கேமராவுக்கு 100 மீட்டர்தான் கணக்கு. உங்கள் கடைக்கு அது தாராளம்.

மெகாபிக்சல் விஷயத்தில் அந்தக் கடைக்காரர் உங்களுக்கு வேண்டாததை விற்கப் பார்க்கிறார். எட்டு மெகாபிக்சலை 2.8 மி.மீ. லென்ஸோடு மூலையில் மாட்டினால் கடை முழுக்கத் தெரியும், ஆனால் பத்து மீட்டர் தள்ளி நிற்பவரின் முகம் கட்டைவிரல் ரேகை மாதிரி மங்கலாக இருக்கும். முன்பின் தெரியாத ஆளை அடையாளம் காண ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது ஐரோப்பியத் தர அளவு. இரண்டு மெகாபிக்சல் கேமராவின் படம் 1,920 பிக்சல் அகலம். 2.8 லென்ஸ் போட்டால் சுமார் 3 மீட்டர் வரைதான் அந்தத் தெளிவு. அதே கேமராவில் 6 மி.மீ. லென்ஸ் என்றால் ஏழெட்டு மீட்டர் வரை கிடைக்கும், ஆனால் பார்வை குறுகிவிடும். ஆகவே நான்கையும் ஒரே மாதிரி வாங்காதீர்கள். கல்லாவுக்கும் வாசலுக்கும் நாலோ ஆறோ மி.மீ. லென்ஸோடு இரண்டு. புடவை அலமாரிப் பக்கம் அகலப் பார்வைக்கு 2.8ல் இரண்டு. எல்லாம் நாலு மெகாபிக்சலுக்குள் போதும். வாசல் கேமரா தெருவைப் பார்த்தால் பின்னால் வெயில் அடித்து, உள்ளே வருகிறவர் கறுப்பு நிழலாகத் தெரிவார். அதற்கு டபிள்யூ.டி.ஆர். உள்ள மாடலாகக் கேளுங்கள். மிச்சமாகும் பணத்தில் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள்.

ஹார்ட் டிஸ்க் கணக்கு சுலபம். எச்.265 என்ற வீடியோச் சுருக்க முறையில் இரண்டு மெகாபிக்சல் கேமரா ஒன்றுக்கு விநாடிக்குச் சுமார் 2 மெகாபிட் என்று வையுங்கள். நாலு கேமராவுக்கு 8 மெகாபிட், அதாவது விநாடிக்கு ஒரு மெகாபைட். ஒரு நாளுக்கு 86 ஜி.பி., முப்பது நாளுக்கு 2.6 டி.பி. நாலு மெகாபிக்சல் என்றால் இது ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஒரு டி.பி. போட்டுக் கொடுத்துவிட்டு ‘ஒரு மாசம் நிக்கும் சார்’ என்று சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். டிஸ்க்கும் கண்காணிப்புக்கென்றே செய்ததாக இருக்கட்டும். டபிள்யூ.டி. பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் என்று வருபவை அந்த ரகம். பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றியதைச் சொருகுகிறவர்கள் இருக்கிறார்கள். பெட்டியைத் திறந்து உங்கள் கண்ணெதிரே மாட்டச் சொல்லுங்கள்.

உங்கள் கடையில் தீபாவளிக்கு முன்னால் ஒரே நேரத்தில் நூறு பேர் நிற்பார்களா? கர்நாடகத்தில் 2017ல் வந்த பொதுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒரே சமயத்தில் 100 பேரோ ஒரு நாளில் 500 பேரோ வந்துபோகும் இடங்களில் கேமரா கட்டாயம், பதிவை 30 நாள் வைத்திருக்க வேண்டும். அந்தக் கூட்டம் வருமென்றால் முப்பது நாள் கணக்கில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. கேமரா ஒரு கம்பெனி, என்.வி.ஆர். வேறு கம்பெனி என்றால் இரண்டிலும் ‘ஆன்விஃப்’ இருக்கிறதா என்று பாருங்கள். பல கம்பெனிச் சாதனங்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொது முறை அது. நாளைக்கு ஒரு கேமரா போனால் அதே கம்பெனியைத் தேடி அலைய வேண்டாம்.

கேள்வி: சீனக் கேமராவுக்கெல்லாம் தடை வந்துவிட்டதாமே? வீட்டில் இருப்பதைக் கழற்ற வேண்டுமா? (லிங்கராஜபுரம் வாசகர்)

பதில்: கழற்ற வேண்டாம். மத்திய அரசு 2024ல் கொண்டுவந்த விதிப்படி, 2025 ஏப்ரல் 9 முதல் கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறினால்தான் இங்கே விற்பனைக்குப் பதிவு கிடைக்கும். விதி தயாரிப்பவருக்கும் இறக்குமதி செய்பவருக்கும் விற்பவருக்கும்தான். புதிதாக வாங்கும்போது பெட்டியில் ஆங்கில ‘ஆர்’ எழுத்தோடு எட்டு இலக்க எண் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைப் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருள் என்று வரும். பெட்டியில் ஒரு பெயர், செயலியில் வேறு பெயர் என்றால் வாங்காதீர்கள்.

கேள்வி: கம்மனஹள்ளியில் பல் மருத்துவமனை நடத்துகிறோம். இரண்டு மாடி, ஆறு மேசை. பழைய இ.பி.ஏ.பி.எக்ஸ். (ஆபீஸ் போன்களை இணைக்கும் பெட்டி) ரிப்பேர். ஒருவர் எல்லாவற்றையும் நெட் கேபிளில் ஓடும் ஐ.பி. போனாக மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் ‘நாலு சிம் போடும் பெட்டி தர்றேன், வெளிநாட்டுக் காலும் சல்லிசு’ என்கிறார்.

பதில்: இரண்டாமவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வரும் அழைப்பைச் சிம் பெட்டி வழியாக உள்ளூர் அழைப்பாக மாற்றி விடுவது குற்றம். 2021ல் ராணுவ உளவுப் பிரிவு கொடுத்த தகவலை வைத்துப் பெங்களூர் போலீஸ் இப்படி ஒரு கூட்டத்தையே பிடித்தது. பெட்டி உங்கள் ஆஸ்பத்திரியில், சிம் உங்கள் பெயரில் என்றால் போலீஸ் முதலில் தட்டுவது உங்கள் கதவைத்தான்.

முதலாமவர் சொல்வது சரி, ஆனால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா என்பது வேறு கேள்வி. ஆறு மேசைக்குள் பேசிக்கொள்ள ஒரு சின்ன ஐ.பி. பி.பி.எக்ஸ். போதும், உங்கள் பழைய பெட்டியின் வேலையை நெட் வழியாகச் செய்வது அது. நல்ல நிலையில் இருக்கும் பழைய போன்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஏ.டி.ஏ. என்று ஒரு சின்ன பெட்டி உண்டு, பழைய போனை அதில் சொருகினால் ஐ.பி. எக்ஸ்டென்ஷன் ஆகிவிடும். வாங்கும்போது துவாரத்தின் பெயரைப் பாருங்கள். போனைச் சொருக எஃப்.எக்ஸ்.எஸ்., தெருவிலிருந்து வரும் லைனைச் சொருக எஃப்.எக்ஸ்.ஓ. கடைப் பையனே மாற்றிக் கொடுத்துவிடுவான், ஜாக்கிரதை. வரவேற்பு மேசைக்கு மட்டும் பட்டன்கள் நிறைந்த ஐ.பி. போன் ஒன்று வாங்குங்கள், அழைப்பை மாற்றிவிட அதுதான் வசதி.

வெளி லைனுக்கு உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனத்திடம் ‘சிப் டிரங்க்’, அதாவது நெட் வழியாக வரும் போன் லைன், கேளுங்கள். அடையாளச் சான்று, முகவரிச் சான்று எல்லாம் கேட்பார்கள். கேட்காமல் கொடுக்கிறவரிடம்தான் பயப்பட வேண்டும்.

‘உங்க நெட் ஸ்பீடு பத்தாது’ என்று யாராவது பெரிய பிளானை விற்க வந்தால், ஜி.711 என்ற குரல் அனுப்பும் முறையில் ஓர் அழைப்புக்குப் போகவர ஒவ்வொரு பக்கமும் விநாடிக்கு 90 கிலோபிட்கூட ஆகாது என்று சொல்லுங்கள். ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேசினாலும் அரை மெகாபிட்தான். குரல் விட்டுவிட்டு வருவதற்குக் காரணம் பெரும்பாலும் வேகம் அல்ல, நெரிசல். எக்ஸ்ரே படங்களை யாராவது மேலேற்றும்போது, அல்லது கேமரா கிளவுடுக்குப் பதிவை அனுப்பும்போது குரல் வரிசையில் நின்றுவிடும். ரூட்டரில் குரலுக்கு முன்னுரிமை தரும் அமைப்பு இருக்கும், அதைப் போட்டுத் தரச் சொல்லிவிட்டு, எக்ஸ்ரே ஏற்றிக்கொண்டே ஒரு கால் பேசிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

கேள்வி: முன்பெல்லாம் கரண்ட் இல்லாவிட்டாலும் லேண்ட்லைன் வேலை செய்யும். ஃபைபருக்கு மாறிய பிறகு அதுவும் சேர்ந்து போகிறது. பழுதா?

பதில்: பழுதில்லை. பழைய தாமிரக் கம்பியில் எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்துகொண்டிருந்தது. ஃபைபரில் வருவது வெளிச்சம் மட்டும், போனுக்கு உயிர் உங்கள் வீட்டு மோடத்திலிருந்துதான். முதல் கேள்வியில் சொன்ன சின்ன யு.பி.எஸ். இங்கேயும் உதவும்.

கேள்வி: பீன்யாவில் எங்கள் பட்டறைக்கு எட்டுக் கேமரா போட்டவர் பாஸ்வேர்டைத் தர மறுக்கிறார். ‘ஏ.எம்.சி. (வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டால்தான் தருவேன்’ என்கிறார். இது நியாயமா?

பதில்: நியாயமே இல்லை. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பொருளின் சாவி அது. உங்கள் போனில் செயலியைத் திறந்து பாருங்கள். கேமராப் பெயருக்குப் பக்கத்தில் ‘ஷேர்டு’ என்று இருந்தால் உண்மையான உரிமையாளர் கணக்கு அவர் போனில் இருக்கிறது, உங்களுக்குப் பார்க்க மட்டும் விட்டிருக்கிறார் என்று அர்த்தம். உங்கள் பட்டறையை அவர் வீட்டிலிருந்தே பார்க்கலாம். கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி வாட்ஸாப்பில் எழுத்தாகக் கேளுங்கள். மாற்றினதும் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். வெறும் ரீசெட் பட்டனை நம்பாதீர்கள். சில கம்பெனிகளில் பழைய கணக்கிலிருந்து விடுவிக்காமல் புதிய கணக்கில் சேராது. அப்போது பில்லோடு கம்பெனியின் சேவை மையத்துக்கு எழுத வேண்டும், அதற்காகவே ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்கக் கூடாது.

மாற்றும்போது ‘அட்மின் 12345’ ரகம் வேண்டாம். 2016ல் மிராய் என்ற நச்சு நிரல், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அமெரிக்காவில் பெரிய இணையதளங்களையே சில மணி நேரம் முடக்கியது. கேமராவின் சொந்தக்காரர்களுக்குத் தெரியக்கூட இல்லை.

ஆள் மசியாவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, இ-ஜாக்ருதி தளத்தில் வழக்குப் பதியலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஒன்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். பட்டறைக்கு வாங்கியதால் ‘வணிக நோக்கம்’ என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துகிறவருக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. பத்துப் பேர் வேலை பார்க்கும் பட்டறை என்றால் முதலில் ஒரு வக்கீலிடம் கேளுங்கள்.

கேள்வி: வண்டி திருடுபோனது எங்கள் கேமராவில் பதிவாகியிருக்கிறது. போலீஸில் பென் டிரைவில் கொடுத்தால் போதுமா? (கே.ஆர். புரம்)

பதில்: விசாரணைக்குப் போதும். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் ஒன்றும் கூடவே தர வேண்டும், எப்படி என்று விசாரணை அதிகாரியே சொல்வார். செயலியில் வரும் மங்கலான படத்தைப் போனில் ஸ்கிரீன் ரெக்கார்ட் செய்து கொடுக்காதீர்கள். என்.வி.ஆரிலேயே பென் டிரைவைச் சொருகி அசல் பதிவை எடுங்கள். பெட்டியின் கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டுகிறதா என்று பார்த்து, தப்பாக இருந்தால் எவ்வளவு வித்தியாசம் என்று குறித்துக்கொண்டு போலீஸிடம் சொல்லுங்கள். இதையெல்லாம் இன்றைக்கே செய்யுங்கள், டிஸ்க் நிரம்பினால் பழைய பதிவின் மேல்தான் புதியதை எழுதும்.