முகத்தைக் கடைசியில் பாருங்கள்

வணக்கம் ஐயா,

அடிமையாகப் பிறந்து, விடுதலை பெற்று, அடிமைமுறைக்கு எதிராகப் பேசிய அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி சோஜர்னர் ட்ரூத்தின் 1864 ஒளிப்பட அட்டையைப் பார்த்தேன். அமெரிக்க அடிமை வாழ்வின் துயரமெல்லாம் அந்தக் கண்களில் உறைந்திருக்கிறது. பழைய படங்களில் முகபாவத்தை எப்படி வாசிப்பது? வண்ணமேற்றிய பிரதி இன்னும் உயிர்ப்பாக இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்ளலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த முகத்தைக் கடந்துபோக முடியாமல் நின்றீர்களே, அதற்காகவே எழுதுகிறேன். வண்ணப் பிரதியை விட்டுவிடுங்கள், அந்த நிறங்கள் இன்று யாரோ போட்டவை.

ஆனால் "துயரம் உறைந்த கண்கள்" என்று இனி எழுதாதீர்கள். அது ஈரக் கொலோடியன் காலத்துப் படம். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைப் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் சில நிமிடம் அமிழ்த்தி, ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கழுவி முடிக்க வேண்டும். எதிரே இருப்பவர் பல விநாடி அசையக் கூடாது. சிரிப்பை அவ்வளவு நேரம் பிடித்துவைத்தால் உதடு நடுங்கிப் படம் கலங்கிவிடும். அதனால் வாயை மூடித் தளர்த்தி வைப்பார்கள். தலை ஆடாமலிருக்கப் பின்னால் இரும்புத் தாங்கி வைப்பதும் உண்டு. நின்று எடுத்த படங்களில் அதன் அடிப்பாகம் காலருகே எட்டிப்பார்க்கும். கூரைக் கண்ணாடி வழியே வெளிச்சம் வந்தால் புருவ நிழல் கண்குழியில் விழும். பக்கத்தில் வெள்ளைத் திரை வைத்துத் தணிக்காவிட்டால் எவர் கண்ணும் சோகமாகத்தான் தெரியும். போதாததற்கு, அந்தத் தகட்டில் பதிவது பெரும்பாலும் நீல ஒளிதான். சிவப்பும் மஞ்சளும் கறுத்துவிடும். நீல விழி வெளிறி வெறிக்கும், கறுத்த தோலின் நுண்மடிப்புகள் இருளில் அமுங்கிப்போகும். இத்தனையையும் கழித்துவிட்டல்லவா முகபாவத்தைப் பேச வேண்டும்?

கீழிருந்து மேலே பாருங்கள். கையில் பின்னல் நூல். மேசையில் பூச்சாடி, ஒரு புத்தகம். வெள்ளைச் சால்வை, வெள்ளைத் தொப்பி, மூக்குக்கண்ணாடி. எழுதப் படிக்கத் தெரியாதவர் அருகே புத்தகம் எதற்கு என்று ஒரு நொடியாவது யோசித்தீர்களா? "உடலைக் காக்க நிழலை விற்கிறேன்" என்று படத்தின் கீழே அச்சிட்டிருக்கிறது. அந்த நிழல் இந்த ஒளிப்படம்தான். 1864இல் தன் பெயரிலேயே பதிப்புரிமை பதிந்து, அட்டைகளை விற்ற காசில் வாழ்ந்தார். சிறுமியாக ஆட்டு மந்தையோடு சேர்த்து 100 டாலருக்கு விற்கப்பட்டவர், தன் உருவத்துக்குத் தானே விலை வைத்தார். மரியாதைக்குரிய நடுத்தர வர்க்கப் பெண்மணியாகத் தன்னை நிறுத்தத் தெரிந்தவரை வெறும் சோகச் சித்திரமாக்குவது அநியாயம், நண்பரே.

ஒரு படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மனநிலையைச் சொல்லவும் கூடாது. மற்றவற்றையும் தேடி அருகருகே வையுங்கள். 1863ஆம் ஆண்டுப் படமொன்றில் பேரன் ஜேம்ஸ் கால்டுவெல்லின் ஒளிப்படம் அவர் மடியில் திறந்திருக்கிறது. கறுப்பின வீரர்களைக் கொண்ட 54ஆம் மாசசூசெட்ஸ் காலாட்படையில் சேர்ந்து அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் போனவன் அந்தப் பேரன். அதிலும் முகம் இதே நிதானத்தில்தான் இருக்கிறது. பார்ப்பவர் எதற்காகக் கவலைப்பட வேண்டும் என்பதை மடியில் வைத்துக் காட்டிவிட்டார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் இணையதளத்தில் அந்தப் படம் இருக்கிறது. பெரிதாக்கி, கைகளைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.