படகிலேயே இருந்தவர்

அன்புள்ள அக்காவுக்கு,

ஆஸ்திரேலியாவில், அடிலெய்டில் வசிக்கிறேன். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு போர்ட் லிங்கன் போயிருந்தோம். அங்கிருந்து படகில் ஹாப்கின்ஸ் தீவுக்குக் கூட்டிப்போய், கரைக்குச் சற்றுத் தள்ளி ஆழம் குறைந்த இடத்தில் இறக்கிவிட்டார்கள். நானும் மகளும் (13 வயது) மகனும் (9 வயது) ஸ்நார்க்கல் என்ற மூச்சுக்குழாயும் நீச்சல் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு மிதந்தோம். மணலில் படுத்திருந்த கடல்சிங்கங்கள் தாமாகவே தண்ணீரில் இறங்கி எங்களிடம் வந்தன. மகள் தலைகீழாகச் சுழன்றால் அவையும் சுழன்றன. ஒன்று என் முகத்துக்கு நேரே வந்து நின்று என்னையே பார்த்தது. மனைவிக்கு நீச்சல் தெரியாது என்பதால் படகிலேயே இருந்து துண்டுகளையும் கைபேசிகளையும் பார்த்துக்கொண்டார்.

திரும்பி வந்ததிலிருந்து ஒரே உறுத்தல். காட்டு விலங்குகளின் இடத்துக்குப் போய் இப்படி விளையாடுவது சரியா? அங்கே வெள்ளைச் சுறாக்கள் உண்டு என்று மாமனார் வேறு சத்தம் போடுகிறார். குடும்ப வாட்ஸாப் குழுவில் படங்களைப் போட்டதும் ஊரிலிருந்து வந்த முதல் பதில், "பிள்ளை இப்படிக் கறுத்துட்டாளே." நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

நீங்கள் போன விதத்தில் போனால் தவறில்லை. கரையில் இறங்கவில்லை, தீனி போடவில்லை, கையை நீட்டித் தொடவில்லை என்று நம்புகிறேன். அவை வந்தால் உண்டு, வராவிட்டால் படகைத் திருப்பிக்கொண்டு வந்துவிட வேண்டியதுதான். அந்த ஒழுங்கு இருக்கும்வரை உறுத்தல் வேண்டாம்.

உறுத்த வேண்டியது வேறு. ஆஸ்திரேலியக் கடல்சிங்கம் அந்த நாட்டின் மேற்கு, தெற்குக் கரைகளைத் தவிர உலகில் எங்கும் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோலுக்கும் எண்ணெய்க்கும் அடித்துக் கொன்றார்கள். அப்புறம் சுறா பிடிக்கப் போட்ட செவுள்வலைகளில் சிக்கி, மேலே வந்து மூச்சுவிட முடியாமல் செத்தன. 2010 வாக்கில்தான் தெற்கு ஆஸ்திரேலியாவில் அவை குட்டி போடும் தீவுகளைச் சுற்றி அந்த வலைகளுக்குத் தடை வந்தது. ஆனாலும் 2020இல் அழியும் ஆபத்திலுள்ள இனம் என்று அரசே அறிவிக்க வேண்டியிருந்தது. பெண் கடல்சிங்கம் பதினேழு, பதினெட்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ஈனும், அதுவும் ஒரே குட்டி. தான் பிறந்த தீவை விட்டு வேறு தீவில் போய் ஈனுவது அபூர்வம். ஒரு தீவில் அற்றுப்போனால் பக்கத்துத் தீவிலிருந்து வந்து நிரம்பும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே மீன், சிப்ஸ் கடையில் 'ஃப்ளேக்' என்று வாங்கிச் சாப்பிடுகிறீர்களே, அது சுறாக்கறி, அதை எந்த வலையில் பிடித்தார்கள் என்று கேளுங்கள். நீங்கள் கொஞ்ச நேரம் மிதந்ததைவிட அந்தக் கேள்வி கடல்சிங்கத்துக்கு உதவும்.

மாமனாரின் சுறாப் பயத்தை விட்டுவிடுங்கள். எங்கே நிறுத்துவது, எப்போது தண்ணீரிலிருந்து ஏறச் சொல்வது என்பதெல்லாம் படகுக்காரர்களுக்குத் தெரியும்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரே ஒரு வரி. மனைவி படகிலேயே இருந்து துண்டுகளைப் பார்த்துக்கொண்டார். சுறாவுக்கு ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், கடல்சிங்கம் என்ன நினைத்திருக்குமோ என்று மனம் அடித்துக்கொள்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனுஷி என்ன நினைத்திருப்பார் என்று ஒரு சொல்கூட இல்லை! இவ்வளவு நுட்பமாகப் பார்க்கத் தெரிந்தவர் நீங்கள். கண்ணாடிக்கு முன்னால் வந்த விலங்கின் கண்ணைப் பார்த்தவருக்கு, ஏணியைப் பிடித்துக்கொண்டு படகில் ஏறும்போது துண்டை நீட்டியவரின் முகம் எப்படி இருந்தது என்று தெரியவில்லையா?

கொஞ்ச நாளாகவே இதே நினைப்பில்தான் இருக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு சிறுமி, பன்னிரண்டு வயது. நீச்சல்குளத்தில் சேர்ந்து நன்றாக வந்துகொண்டிருந்தாள். போட்டிக்கு அனுப்பலாம் என்று பயிற்சியாளரே சொன்னார். போன மாதம் நிறுத்திவிட்டார்கள். முடி கொட்டுகிறது, நிறம் போகிறது, இனிமேல் அந்த உடையில் அனுப்ப முடியாது என்று அவள் பாட்டி வரிசையாகக் காரணம் சொன்னார். மாலையில் கீழே விளையாடும் பிள்ளைகளை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

என் அக்காவும் அப்படித்தான். எங்கள் தோட்டத்துக் கிணற்றில் எங்களுக்கெல்லாம் நீச்சல் சொல்லிக்கொடுத்தது அவள்தான். இடுப்பில் காய்ந்த சுரைக்குடுவையைக் கட்டி, வயிற்றுக்குக் கீழே ஒரு கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டே வருவாள். எந்த நிமிஷம் கையை எடுத்தாள் என்றே தெரியாது. மோட்டார் ரூம் கூரையிலிருந்து குதிப்பாள். தரை தொட்டதற்குச் சாட்சியாக உள்ளங்கை நிறையக் கறுப்பு மண்ணை அள்ளிக்கொண்டு வருவாள். விரலிடுக்கில் அது கரைந்து போவதற்குள் நாங்கள் பார்த்துவிட வேண்டும். எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை விடுமுறையில் வயதுக்கு வந்தாள். அதற்குப் பிறகும் கிணற்றுக்கு எங்களோடு வந்தாள். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு மேல்படியில் உட்கார்ந்து எங்கள் சட்டைகளையும் சோப்பு டப்பாவையும் பார்த்துக்கொண்டாள். இறங்காதே என்று யாரும் அவளை அதட்டவில்லை. அவளுக்கே தெரிந்திருந்தது. எங்களுக்கும் தெரிந்திருந்தது, ஒருவரும் வா என்று கூப்பிடவில்லை.

இப்போது அறுபதைத் தாண்டிவிட்டாள். சமீபத்தில் திருச்செந்தூரில் பேரப்பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்தும் கணுக்காலுக்கு மேல் நனையவில்லை. மூட்டுவலியாம். மூட்டுவலிக்காரர்களைத் தண்ணீரில் நடக்கச் சொல்லித்தான் வைத்தியர்களே அனுப்புகிறார்கள்!

நீங்கள் மிதந்த தீவுக்குப் பெயர் கொடுத்த ஹாப்கின்ஸ் ஒரு மாலுமி. 1802 பிப்ரவரி 21 அன்று, ஆங்கிலேயக் கடலோடி மேத்யூ ஃபிளிண்டர்ஸ் தன் கப்பலான இன்வெஸ்டிகேட்டரிலிருந்து, குடிநீரும் நங்கூரமிட இடமும் பார்த்து வர எட்டுப் பேரைப் படகில் கரைக்கு அனுப்பினார். அந்தி நேரத்தில் பாய் விரித்துத் திரும்பிக்கொண்டிருந்த படகைக் கப்பலிலிருந்து பார்த்திருக்கிறார்கள். பிறகு காணவில்லை. மறுநாள் படகு கவிழ்ந்து உடைந்து கிடைத்தது, ஆட்களில் ஒருவர் உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்தப் பக்கத்துத் தீவுகளுக்கெல்லாம் அவர்கள் பெயரைத்தான் வைத்துவிட்டுப் போனார். எட்டுப் பேரில் இரண்டு பேருக்குத்தான் உருப்படியாக நீந்தத் தெரியும் என்று ஃபிளிண்டர்ஸ் எழுதியிருக்கிறார். கடலிலேயே பிழைப்பு நடத்தியவர்கள் அவர்கள்.

இங்கே வாருங்கள். 2004 டிசம்பர் 26. ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனம் அடுத்த ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி கடலூரில் சுனாமிக்கு இறந்தவர்களில் பெண்கள் 391 பேர், ஆண்கள் 146 பேர். ஆண்கள் பலர் மீன்பிடிக்க ஆழ்கடலில் இருந்தார்கள், அங்கே அலை உயரவில்லை. வரப்போகும் மீனுக்காகப் பெண்கள் கரையில் காத்திருந்தார்கள். கையில் பிள்ளை, காலைச் சுற்றிய சேலை. நீந்தவோ மரம் ஏறவோ அவர்களில் பலருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அந்த அலைக்கு நீச்சல் தெரிந்தவர்களும் பலியானார்கள் என்று பதில் வரும், எனக்குத் தெரியும். ஆனாலும் கடலை வாசலில் வைத்துக்கொண்டு வாழும் ஊரில் பையன்களெல்லாம் நீந்துகிறார்கள், பெண்கள் கரையில் நிற்கிறார்கள் என்றால், பிழைக்கும் வழியில் பாதியை அவர்களிடமிருந்து எடுத்துவைத்திருக்கிறோம். இதை நான் எழுதிக்கொண்டேதான் இருப்பேன்.

உங்கள் பிள்ளைகளோடு விளையாட வந்தவை பெரும்பாலும் இளங்குட்டிகளாகத்தான் இருக்கும். தாய் இரை தேட இரண்டு மூன்று நாள் கடலுக்குள் போய்விடும். கடலின் அடித்தரை வரை முங்கி, கணவாயும் ஆக்டோபஸும் சிங்கிறாலும் பிடிக்கும். திரும்பி வந்து கரையில் நின்று குரல் கொடுக்கும், குட்டி பதில் குரல் கொடுக்கும், அப்புறம் முகர்ந்து பார்த்துப் பால் கொடுக்கும். ஒன்றே கால் வருஷம், ஒன்றரை வருஷம் இப்படி. குட்டிக்கும் பிறந்தவுடன் கடல் வசப்படுவதில்லை. பாறைக்கு நடுவே தேங்கிய தண்ணீரில் அளைந்து அளைந்துதான் பழகும். ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி பழகும்.

மகளைப் பற்றி. "கறுத்துட்டாளே" என்று எழுதியவருக்கு நீங்கள் சிரிப்புப் படம் போட்டு நழுவியிருப்பீர்கள். இனி நழுவாதீர்கள். அது அன்பில் வரும் சொல்தான். எங்கள் அக்காவைப் படியில் உட்கார வைத்ததும் அன்பில் வந்த சொற்கள்தான். "ஆமாம் பெரியப்பா, கடலில் நீந்தினாள், கறுத்துவிட்டாள், அடுத்த வருஷமும் நீந்துவாள்" என்று உங்கள் மகள் கண்ணில் படும்படி அந்தக் குழுவிலேயே எழுதுங்கள். ஆஸ்திரேலிய வெயிலில் தோல் புற்றுநோய் அதிகம், ஆகவே முகத்துக்கும் பின்னங்கழுத்துக்கும் சன்ஸ்க்ரீன் பூசச் சொல்லுங்கள். நிறத்தைப் பற்றி அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

மனைவியிடம் போய் நீச்சல் கற்றுக்கொள் என்று உத்தரவு போடாதீர்கள். அன்று படகில் எப்படி இருந்தது என்று கேளுங்கள், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். எனக்கு ஆசையே இல்லை என்று அவர் சொன்னால் அது அவர் இஷ்டம். ஆசை இருக்கிறது, இந்த வயதில் எப்படி என்று இழுத்தால், நாற்பதிலும் ஐம்பதிலும் சேருகிறவர்கள் நிறைய என்று சொல்லுங்கள். உடைதான் கூச்சம் என்றால், கடலில் நீங்கள் போட்டிருந்த ரப்பர் உடை கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடும். குளத்துக்கும் அதுபோல முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடைகள் கிடைக்கின்றன. உங்கள் மாநிலத்தில் அரசுத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கே நீச்சல் பாடம் உண்டு. பெரியவர்களுக்கு வெந்நீர் விட்ட உள்ளரங்கக் குளங்களில் வகுப்பு நடக்கிறது. பெண் பயிற்றுநர் வேண்டுமென்றால் சேரும்போதே கேட்க வேண்டும்.

முதல் சில வாரங்கள் அவர் நீந்தப்போவதே இல்லை. குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முகத்தை உள்ளே வைத்து வாயால் மூச்சை ஊதி வெளியே விடுவார். காதுக்குள் தண்ணீர் குபுகுபு என்னும், மூக்கில் ஏறி எரியும், வீட்டுக்கு வந்து வேண்டாம் என்பார். அந்த வாரம் நீங்களும் கூடப் போங்கள். சனிக்கிழமைச் சமையலையும் பிள்ளைகளின் டியூஷனையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வகுப்புக்கு நேரம் இருக்காது. குளிர்காலத்திலேயே தொடங்கிவிட்டால் நல்லது, அப்போது குளத்தில் கூட்டம் குறைவாக இருக்கும்.

அன்புடன்,
அக்கா