வருஷம் வீணாகிவிடுமா?

அன்புள்ள ஐயா,

வேலை மாற்றலாகி ஆகஸ்டில் குடும்பத்தோடு வெளிநாடு போகிறோம். மகள் பதினொன்றாம் வகுப்பு முடித்துவிட்டாள். அங்கே ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலரியேட்) என்ற சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளி ஒன்றில் நேராகப் பன்னிரண்டில் சேர்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். வருஷம் வீணாகாது என்பதில் எங்களுக்கு நிம்மதி. ஆனால் அவள் இரண்டு வாரமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எப்படித் தேற்றுவது? இப்போதே ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியில் சேர்க்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மகளைத் தேற்ற வேண்டாம். கோபப்பட அவளுக்குக் காரணம் இருக்கிறது, கொஞ்ச நாள் கோபமாகவே இருக்கட்டும். புதுப் பள்ளியில் தோழிகள் கிடைப்பார்களா என்பதெல்லாம் தானாகச் சரியாகிவிடும். என்னை உறுத்துவது உங்கள் கடிதத்தின் வேறொரு வரி: ‘வருஷம் வீணாகாது.’ சில நாட்களாகவே இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எத்தனை பெற்றோர் இந்த ஒரு வரியை நம்பிப் பிள்ளைகளைக் கொண்டுபோய் மாட்டிவிடுகிறார்கள்!

கடைசி இரண்டு வருஷம் என்பது பல பாடத்திட்டங்களில் ஒரே படிப்பு. ஐபி டிப்ளமோவையே பாருங்கள். ஆறு பாடங்கள். ஹையர் லெவல் பாடம் ஒன்றுக்கு 240 மணி நேரம், ஸ்டாண்டர்டு லெவலுக்கு 150 மணி நேரம். இது இரண்டு வருஷத்துக்கும் சேர்த்த கணக்கு. சிஏஎஸ் எனப்படும் படைப்பு, உடற்செயல், சேவைச் செயல்பாடுகள் குறைந்தது 18 மாதம் தொடர வேண்டும். 4000 சொல் வரை எழுதும் நீள்கட்டுரைக்கான தலைப்பைப் பெரும்பாலான பள்ளிகளில் முதல் வருஷத்திலேயே பிடித்துவிடுவார்கள். ஆகஸ்டில் போய் மே மாதம் தேர்வு எழுதுகிறவளுக்குக் கையில் இருப்பது ஒன்பது மாதம். மீதி ஒன்பது எங்கிருந்து வரும்?

பின் ஏன் சேர்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள் என்று கேட்பீர்கள். முழு டிப்ளமோவுக்கு இல்லாமல் தனித்தனிப் பாடச் சான்றிதழுக்கோ, பள்ளியே தரும் சான்றிதழுக்கோ சேர்த்துக்கொள்ளலாம். அதில் பொய் ஒன்றும் இல்லை, நீங்கள்தான் கேட்கவில்லை. ‘பன்னிரண்டில் இடம் உண்டா’ என்று கேட்டால் ‘உண்டு’ என்றுதான் பதில் வரும். ‘என்ன சான்றிதழோடு வெளியே வருவாள், அவள் விரும்பும் பல்கலைக்கழகம் அதை ஏற்குமா’ என்பதுதான் கேள்வி.

கணிதத்தில் புலி, சமாளித்துவிடுவாள் என்பீர்கள். ஐபியில் கணிதமே இரண்டு, பகுப்பாய்வுக்கு அழுத்தம் தரும் ஏஏ என்றும், நடைமுறைப் பயன்பாட்டுக்கு அழுத்தம் தரும் ஏஐ என்றும். ஏஏ-வில் முதல் தாளுக்குக் கால்குலேட்டர் கிடையாது, இரண்டாம் தாளுக்குக் கிராஃபிக் கால்குலேட்டர் கட்டாயம். வகுப்பில் மற்றவர்கள் ஒரு வருஷமாக அதைத் தட்டிப் பழகியவர்கள். வளைகோட்டை வரையவிட்டு, எல்லைகளைக் கொடுத்து, பரப்பளவை அரை நிமிடத்தில் எடுத்துவிடுவார்கள். இவள் அதே தொகையீட்டைப் படிப்படியாகக் கையால் போடுவாள், விடையும் சரியாக வரும். அதற்குள் அடுத்த கேள்விக்கான நேரம் போயிருக்கும். இது அறிவுக் குறைவா? பழக்கமில்லாத கருவி, அவ்வளவுதான். ஆனால் மதிப்பெண் பட்டியலில் அப்படியா தெரியும்?

மற்ற இடங்களிலும் இதே சிக்கல் வேறு வேறு உருவில். இங்கிலாந்தின் பள்ளி இறுதிப் படிப்பான ஏ லெவலில் தேர்வெல்லாம் இரண்டாம் வருஷ முடிவில்தான், பாடப் பகுதிகளோ வாரியத்துக்கு வாரியம் வேறு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் முந்தைய அக்டோபரிலேயே தொடங்கிவிடும், ஜனவரியில் போனால் ஒரு பருவம் போயிருக்கும். அமெரிக்காவிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் வருஷத்துக்கு வருஷம் கிரெடிட் கணக்கு, அதாவது முடித்த பாடங்களுக்குச் சேரும் புள்ளிக் கணக்கு, என்பதால் கடைசி வருஷத்தில் சேர்வது ஓரளவு நடக்கும். ஒன்டாரியோவில் பள்ளிப் படிப்பை முடிக்க 30 கிரெடிட் வேண்டும், பழைய படிப்புக்கு எத்தனை தருவது என்று பள்ளி முதல்வர் மதிப்பிடுவார்.

ஆகவே ஆர்., பதினொன்றில் மறுபடி சேருங்கள். ஆமாம், மறுபடி. உறவுக்காரர்கள் ‘ஃபெயிலா’ என்று கேட்பார்கள், கேட்டுவிட்டுப் போகட்டும். அந்த ஒரு வருஷத்தில் அவளுக்கு முழுப் படிப்பு கிடைக்கும், அவளைப் பற்றிப் பரிந்துரைக் கடிதம் எழுதுமளவுக்குத் தெரிந்த ஆசிரியர்கள் கிடைப்பார்கள். பிரிட்டனில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவம் ஆகியவற்றுக்கு அக்டோபர் 15-க்குள் விண்ணப்பம் போக வேண்டும், பள்ளி அவளுக்கான உத்தேச மதிப்பெண்ணையும் சேர்த்துத் தர வேண்டும். ஆறு வாரம் பார்த்த பெண்ணுக்கு எந்த ஆசிரியர் துணிந்து உயர்ந்த மதிப்பெண் போடுவார்? பதினேழு வயதில் முடித்தால் என்ன, பதினெட்டில் முடித்தால் என்ன? வீணாவது எது என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொரு வழி, அவள் இங்கேயே தங்கிப் பன்னிரண்டை முடித்துவிட்டு வருவது. அம்மா கூட இருக்க முடிந்தால் நல்ல வழிதான். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பிரிட்டன் போன்ற நாடுகளில் பிள்ளைக்கான சார்பு விசாவுக்கு முதல்முறை விண்ணப்பிக்கும்போது வயது 18-க்குள் இருக்க வேண்டும். தேர்வு முடியட்டும் என்று காத்திருந்து பிறந்தநாளைத் தாண்டிவிட்டால் அவளுக்கு அந்தக் கதவு மூடிவிடும்.

எந்த வழியானாலும் இந்தப் பள்ளியை விட்டுக் கிளம்பும் முன் காகிதங்களை வாங்கிவிடுங்கள். ஒன்பது முதல் பதினொன்று வரை மதிப்பெண் பட்டியல், மதிப்பெண் முறையின் விளக்கம், ஒவ்வொரு பாடத்துக்கும் பாடத்திட்டமும் வகுப்பு நேரமும், முத்திரையிட்ட இரண்டு மூன்று உறைகளில். ஆய்வகக் குறிப்பேடுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், ஒன்றில் விரிந்த இனிஷியல் இன்னொன்றில் சுருங்கியிருக்கும். சான்றிதழ் வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு இடும் அப்போஸ்டில் முத்திரை தேவையா என்று கேட்டு இங்கேயே போட்டுக்கொள்ளுங்கள், அங்கே போனபின் அலைச்சல்.

ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி வேண்டாம். அந்தப் பணத்துக்குப் பள்ளி அனுமதிக்கும் மாடலில் ஒரு கிராஃபிக் கால்குலேட்டர் வாங்கிக் கொடுங்கள். பள்ளிக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: என்ன சான்றிதழ், எந்தக் கணிதம், எந்த வாரியத் தேர்வு, பதினொன்றில் இடம் உண்டா. அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுதுங்கள்.